ஊர் வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு



அக்கா வீட்டில் கேமரா வைத்ததைப் பற்றிச் சென்ற மாதம் இங்கே இரண்டு வரி போட்டிருந்தேன். அதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. "டீச்சர், ஊர்ல அம்மா வீட்ல கேமரா போட்டாச்சு. வீட்டு வைஃபைல இருக்கும்போது போன்ல தெரியுது. வெளியே வந்துட்டா தெரிய மாட்டேங்குது, ஏன்?" என்று துபாயிலிருந்து ஒருவர். "கடைக்காரரே எல்லாம் போட்டுக் குடுத்துட்டார், நல்லாத் தெரியுது. இதுல ஆபத்து ஏதும் இருக்கா டீச்சர்?" என்று இன்னொருவர். தனித்தனியாக எழுதுவதைவிட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, காலம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள். ஆனால் ஒரு விஷயம் புரியும்வரை கேள்வி கேட்பதை நிறுத்த மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். கேமரா விஷயத்திலும் அப்படித்தான்.

முதலில் வீட்டு நிலவரம். பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பை ஒட்டிய ஓட்டு வீட்டில் அக்கா தனியாக இருக்கிறார். வயது 74. அத்தான் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே பையன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. போன வருடம் கொட்டகையில் இருந்த தண்ணீர் மோட்டாரை இரவோடு இரவாக யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து பையனுக்குத் தூக்கம் இல்லை. "சித்தி, நாலு கேமரா வைக்கணும், நான் இங்கேருந்து பார்க்கணும், நீங்க கூட இருந்து செஞ்சு குடுங்க" என்றான். நான் தஞ்சாவூரிலிருந்து போய் இரண்டு நாள் இருந்தேன்.

கேமரா மாட்டுவதும் ஒயர் இழுப்பதும் அரை நாள் வேலை. ரெக்கார்டர் பெட்டியை ஃபைபர் மோடத்தோடு இணைத்ததும் வீட்டுக்குள் படம் தெரிந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூரில் தெரியவில்லை. கேமரா போட வந்த தம்பி மோடத்தில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம் போயிற்று. "ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்கணும் டீச்சரம்மா, மாசாமாசம் தனியா பணம் கட்டணும்" என்றார். "வாங்கலாம் தம்பி. அது எதுக்குன்னு முதல்ல எனக்குச் சொல்லுங்க" என்றேன். அவருக்குச் செய்யத் தெரிந்தது, சொல்லத் தெரியவில்லை. இரவு உட்கார்ந்து நானே படித்துப் புரிந்துகொண்டதை நம் வகுப்பறைக் கணக்கில் சொல்கிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் மோடம் ஓர் எண் கொடுக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இது வருகைப் பதிவேட்டு எண் மாதிரி. ஐந்தாம் வகுப்பு 'அ' பிரிவிலும் 12-ஆம் எண் உண்டு, 'ஆ' பிரிவிலும் உண்டு. வகுப்புக்குள் "பன்னிரண்டு" என்று கூப்பிட்டால் சரியான பிள்ளை எழுந்து நிற்கும். சிங்கப்பூரிலிருந்து "12" என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் யாருக்குப் போய்ச் சேரும்? வீட்டில் தெரிந்த படம் வெளியூரில் தெரியாததற்கு முதல் காரணம் இதுதான்.

வெளி உலகத்துக்கு வீட்டின் சார்பில் இன்னொரு முகவரி வேண்டும். அதுதான் பொது ஐ.பி. முகவரி. பள்ளிக்கூடத்தின் அஞ்சல் முகவரி மாதிரி. கடிதம் வாசல் வரை வந்துவிடும். உள்ளே எந்த வகுப்புக்கு என்று வாட்ச்மேனுக்குச் சொல்லி வைக்க வேண்டும். "இந்த எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் ரெக்கார்டர் இருக்கும் அறைக்கு அனுப்பு" என்று மோடத்தில் எழுதி வைப்பதற்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். 65,535 வரை எண்கள் உண்டு. இணையப் பக்கத்துக்கு 80, கேமரா படத்துக்கு 554 என்று சில எண்கள் வழக்கத்தில் இருக்கின்றன. வீட்டின் பொது முகவரி அவ்வப்போது மாறினால், மாறாத ஒரு பெயரை அதோடு கட்டி வைக்கும் வசதியும் உண்டு. அதை டி.டி.என்.எஸ். என்கிறார்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் ஏன் வரவில்லை? மோடத்தின் பக்கத்தில் வெளி முகவரி என்று இருப்பதைப் பார்க்கச் சொன்னேன். 100.72 என்று தொடங்கியது. அங்கேதான் விடை இருந்தது. பழைய முறைப்படி உலகத்தில் மொத்தம் இருக்கக்கூடிய ஐ.பி. முகவரிகள் சுமார் 429 கோடிதான். மக்கள்தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது, ஆளுக்கு இரண்டு கருவி வேறு. அதனால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் அதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் மோடத்தில் அப்படி இருந்தால், உங்கள் வீடு விடுதியில் ஓர் அறை என்று அர்த்தம். விடுதிப் பிள்ளை வெளியே கடிதம் போட்டால், யார் போட்டது என்று வார்டன் குறித்து வைத்துக்கொண்டு பதிலை அதே பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். வெளியிலிருந்து தானாக ஒருவர் வந்து கேட்டால் யாரிடம் அனுப்புவது என்று அவருக்குத் தெரியாது. வீட்டு மோடத்தில் எத்தனை எண் மாற்றினாலும் பயன் இல்லை. துபாய்த் தம்பி முதலில் இதைப் பாருங்கள்.

அப்படியானால் வழி? வெளியிலிருந்து உள்ளே வர முடியாது என்றால், உள்ளே இருப்பது வெளியே கூப்பிடட்டும். இப்போது வரும் ரெக்கார்டர்கள் அப்படித்தான் செய்கின்றன. ரெக்கார்டர் தன் கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருக்கும். உங்கள் போனில் உள்ள ஆப்பும் அதே சர்வரைக் கூப்பிடும். சர்வர் இருவரையும் சேர்த்து வைக்கும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்வது இதற்காகத்தான். ஸ்டேட்டிக் ஐ.பி. தேவைப்படவில்லை. அன்று மாலையே சிங்கப்பூரில் படம் தெரிந்தது. பையன் போனில், "சித்தி, மாட்டுக்கு வைக்கோல் போட்டிருக்கறது வரைக்கும் தெரியுது" என்று குதித்தான்.

இதோடு முடிந்தது என்றுதான் பெரும்பாலான வீடுகளில் கடைக்காரருக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. பையன் பார்க்க ஒரு வழி போட்டாயிற்று. அந்த வழியில் வேறு யாரெல்லாம் வரலாம்?

தம்பியிடம் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். கடைப் பெயரும் 123-உம். "எல்லா வீட்டுக்கும் இதுதான் டீச்சரம்மா, மறந்துட்டு எங்களைத்தானே கூப்பிடுவாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஊரில் எத்தனை வீட்டில் அவர் போட்டாரோ அத்தனை வீட்டுக்கும் ஒரே சாவி. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. ரெக்கார்டரை முதலில் எந்தக் கணக்கில் சேர்க்கிறோமோ அந்தக் கணக்குக்காரர்தான் அதற்கு உரிமையாளர். தம்பி வேலை சுலபமாக முடியட்டும் என்று தன் போனில் உள்ள தன் கணக்கில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து பையனுக்குப் பகிர்ந்திருந்தார். அதாவது என் அக்கா வீட்டு வாசலும் பின்கட்டும் அவர் போனிலும் தெரியும், நாளைக்கும் தெரியும். நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் இல்லை. நான் சொன்னதும் சங்கடப்பட்டு உடனே நீக்கிவிட்டார். ஆனால் கேட்காத வீடுகளில் அது அப்படியே இருக்கும்தானே? உங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள். உங்களுக்குப் 'பகிரப்பட்டது' என்று இருந்தால், உரிமையாளர் வேறு ஒருவர்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2016-இல் 'மிராய்' என்ற தீய நிரல் ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் அட்மின், 12345 மாதிரியான சுமார் அறுபது பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொரு கருவியிலும் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான். லட்சக்கணக்கான கேமராக்களும் ரெக்கார்டர்களும் மோடங்களும் அதன் கைக்குப் போயின. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடிபட்ட கருவிகளை வைத்து நடந்த தாக்குதலில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. அதை எழுதியவர்கள் இளவட்டப் பையன்கள். மறு ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2014-இலேயே பாஸ்வேர்டு மாற்றாத பல்லாயிரம் கேமராக்களின் படங்களை ஒரு வலைத்தளம் யாரும் பார்க்கும்படி வரிசையாகப் போட்டு வைத்திருந்தது. அதில் கடைகள் மட்டும் இல்லை, வீடுகளும் இருந்தன, குழந்தைகளின் தொட்டில்களும் இருந்தன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

இதுவரை சொன்னது வெளி ஆட்களைப் பற்றி. எனக்கு அதிக வேலை வைத்தது வீட்டு ஆட்கள்தான்.

நாலாவது கேமராவை அம்மா படுக்கும் அறையில் வைக்க வேண்டும் என்றான் பையன். "ராத்திரி எழுந்து விழுந்துட்டா யாருக்குத் தெரியும் சித்தி?" அவன் பயம் பொய் இல்லை. அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஏன் பாப்பா, நான் படுக்கறதும் புடவை மாத்தறதும் இன்னொரு தேசத்துல தெரியணுமா? அவன் பார்க்க மாட்டான், சரி. அந்தப் போனை அவன் புள்ளைங்களும்தானே எடுக்கும்?" போனில் மகனிடம் இதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். நான் சொன்னேன். இரண்டு நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு வழி கண்டோம். அறைக்குக் கேமரா இல்லை. ஒயர் இல்லாத காலிங்பெல் ஒன்று வாங்கி, அழுத்தும் பொத்தானைக் கட்டில் காலில் கட்டிவிட்டு, மணியை எதிர் வீட்டில் மாட்டினோம். அழுத்தினால் எதிர் வீட்டு அண்ணி நாற்பது அடியில் ஓடி வந்துவிடுவார். சிங்கப்பூரில் இருந்து பார்ப்பவன் பார்த்துவிட்டு அவருக்குத்தானே போன் செய்ய வேண்டும்?

அடுத்தது திண்ணை. நான் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தார். குரலே சரியில்லை. "யாரும் வர்றதில்லை பாப்பா" என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று பெண்கள் அந்தத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். பூக் கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். அத்தான் போன பிறகு அக்காவைத் தாங்கியது அந்த ஒரு மணி நேரம்தான். என்ன நடந்தது என்றால், வாசல் கேமராவில் மைக் இருந்தது. வாங்கும்போதே இருக்கும் வசதி, தானாகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஒருநாள் மகன் வெள்ளந்தியாக அம்மாவிடம், "அந்த அத்தையோட பொண்ணு கோச்சுக்கிட்டு வந்துட்டாளாமே, சேர்ந்துட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறான். திண்ணையில் கண்ணீரோடு ஒரு தாய் சொன்ன வார்த்தை சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்துவிட்டது. மறுநாளிலிருந்து திண்ணை காலி.

நான் பஸ் ஏறிப் போனேன். மூன்று பேரையும் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். போனை அவர்கள் கையிலேயே கொடுத்து என்ன தெரிகிறது என்று காட்டினேன். ரெக்கார்டரில் வாசல் கேமராவுக்கு 'படமும் ஒலியும்' என்று இருந்ததைப் 'படம் மட்டும்' என்று அவர்கள் கண்ணெதிரே மாற்றினேன். ஏணி போட்டு, திண்ணை தெரியாமல் கேட்டும் படியும் மட்டும் தெரியும்படி கேமராவைத் திருப்பச் சொன்னேன். எல்லாம் பார்த்துவிட்டு அவர்களில் மூத்தவர் கேட்டார்: "இப்ப நிறுத்திட்டீங்க, சரி. அந்தப் புள்ள அங்கேருந்தே மறுபடி போட்டுட முடியுமா?"

பள்ளிக்கூடம் பக்கமே போகாத அந்த அம்மா கேட்டதுதான் இந்த விஷயத்திலேயே முக்கியமான கேள்வி என்பேன். விடை என்னிடம் இருந்தது. முடியாது. உரிமையாளர் கணக்கு அக்காவின் செல்போன் எண்ணில் இருக்கிறது. பாஸ்வேர்டு அக்காவின் பீரோவில் ஒரு நோட்டில் இருக்கிறது. மகனுக்கும் எனக்கும் பகிர்ந்திருப்பது பார்க்கும் உரிமையும், பழைய பதிவைத் தேடும் உரிமையும் மட்டும்தான். அமைப்புகளை மாற்ற எங்கள் இருவராலும் முடியாது. அன்று மாலை இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர், அந்தப் பெண்ணின் தாய், இன்னும் வரவில்லை. அக்காதான் இப்போது அவர் வீட்டுக்குப் போகிறார்.

பையனிடமும் பேசினேன். "தம்பி, மோட்டாரைத் தூக்கிட்டுப் போறவனை இந்தக் கேமரா படம் பிடிக்கும். அம்மாவுக்கு ஜுரம்னா கஞ்சி வெச்சுக் குடுக்கறது அந்தத் திண்ணைதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்கணும் சித்தி, நம்பர் குடுங்க" என்றான். கொடுத்தேன்.

இணையத்தில் பார்க்கும்படி முதன்முதலில் வைத்த கேமராக்களில் ஒன்று எதைப் பார்த்தது தெரியுமா? ஒரு காபிப் பாத்திரத்தை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறையில், மாடியேறி வந்து பாத்திரம் காலியாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது என்று 1991-இல் வைத்தார்கள். 1993-இல் இணையத்தில் இணைத்தார்கள். காபிப் பாத்திரத்திடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. நாம் பார்ப்பது அம்மாவை, அப்பாவை, அவர்களைத் தேடி வருகிறவர்களை.

சரி, கேட்டவர்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. உரிமையாளர் கணக்கு அந்த வீட்டில் இருப்பவர் எண்ணில் இருக்கட்டும். கடைக்காரர் கணக்கில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும் பகிருங்கள்.

2. ரெக்கார்டர், மோடம், ஆப் மூன்றுக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு. நீளமாக இருக்கட்டும். நோட்டில் எழுதி வீட்டில் வைப்பது தவறே இல்லை. திருடன் சிங்கப்பூரிலிருந்து பீரோவைத் திறக்க மாட்டான்.

3. ஆப் வழியாகப் பார்ப்பவர்கள், மோடத்தில் முன்பு திறந்துவிட்ட போர்ட் எதுவும் இருந்தால் மூடச் சொல்லுங்கள். யு.பி.என்.பி. என்ற வசதியையும் நிறுத்தச் சொல்லுங்கள். அது இருந்தால் கருவிகள் தாமாகவே கதவைத் திறந்துகொள்ளும். கம்பெனி சர்வரையே நம்ப விருப்பமில்லாதவர்கள், கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்கள், வி.பி.என். போட்டுக்கொள்ளலாம். அது இன்னும் நல்லது.

4. ரெக்கார்டரின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். நேரம் இந்திய நேரத்தில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். திருட்டு நடந்த பிறகு போலீஸ் கேட்பது மணியைத்தான்.

5. கேமரா மட்டும் இன்வெர்ட்டரில் இருந்து பயன் இல்லை. மோடமும் ரெக்கார்டரும் அதில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் வெளியூரில் முதலில் இருட்டாவது மோடம்தான்.

6. ஒரு கணக்கு. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எடுத்தால் மணிக்கு 0.9 ஜி.பி. ஆகும், நாளுக்கு 21.6 ஜி.பி. நாலு கேமராவுக்கு 86.4. அப்படியானால் 1 டி.பி. டிஸ்க் ஏறத்தாழ 11 நாள் தாங்கும். உங்கள் வீட்டுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். வெளியூரிலிருந்து பார்க்கும்போது படம் நின்று நின்று வந்தால், ஆப்பில் குறைந்த தரத்துப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

7. மைக் வேண்டுமா என்று வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் ரெக்கார்டரிலேயே நிறுத்துங்கள். கேமரா எதைப் பார்க்கிறது என்று வந்து போகிறவர்களுக்கும் போனில் காட்டிவிடுங்கள்.

ஏழாவதை ஒயர் இழுப்பதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள் பிள்ளைகளே. மற்ற ஆறையும் கடைக்காரர் செய்வார். இதை அவர் செய்ய மாட்டார், நீங்கள்தான் அம்மாவோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

மோடத்தில் 100 என்று தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களில் இந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். நான் விட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும்.

எல்லோரும் நலமாக இருங்கள். ஊருக்குப் போனால் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்